ஜப்பானில் கிராஃப்ட் பீர்: முதலில் லேபிளைப் படியுங்கள்

டோக்கியோவில் எந்தத் தெருமுனைக் கொன்பினிக்குள் நுழைந்தாலும் குளிர்ப்பெட்டியில் பீர் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடைக்குத்தான் அங்கே கொன்பினி என்று பெயர். 350 மில்லி டப்பா ஒன்று இருநூற்றுச் சொச்சம் யென். பக்கத்திலேயே அதே அளவில், அதே பொன்னிறப் படத்தோடு இன்னொன்று அதைவிட நன்றாகவே மலிவாக இருக்கும். மூன்றாவதாக, பூனைப் படம் போட்ட ஒன்று முந்நூறு யென்னை எட்டிப் பார்க்கும். புதிதாகப் போகிறவர், மலிவானது மட்டம், விலை கூடியது ஒசத்தி என்று முடிவுகட்டிவிடுவார். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வரி.

ஜப்பானிய பீரை ருசியிலிருந்து தெரிந்துகொள்வதைவிட, அந்த நாட்டின் மதுவரிச் சட்டத்திலிருந்து தெரிந்துகொள்வது சுலபம் என்பது என் கட்சி. யார் பீர் தயாரிக்கலாம், வருடத்துக்குக் குறைந்தது எவ்வளவு தயாரிக்க வேண்டும், உள்ளே எதைப் போடலாம், போட்ட பிறகு அதை பீர் என்று சொல்லலாமா கூடாதா, எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தச் சட்டம்தான். இன்று அங்கே சின்னக் கம்பெனிகள் தரும் பீர் எதை எடுத்தாலும், ஏதோ ஒரு விதிக்கு உட்பட்டோ, ஏதோ ஒரு விதியைச் சுற்றி வளைத்தோ வந்ததாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால் மெனு அட்டை பாதி புரிந்துவிடும்.

அடிப்படை, சுருக்கமாக

பீருக்கு வேண்டியது நான்கு பொருட்கள்: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிப்பான சாறு கிடைக்கும். கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டு அந்தச் சாற்றைக் கொதிக்கவைப்பார்கள். ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும்.

ஈஸ்ட் எந்தச் சூட்டில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து பீர் இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரியும். குளிரில், மெதுவாக, வாரக்கணக்கில் நொதிப்பது லாகர். அது தெளிவாக, சுத்தமாக, அதிக வாசனை இல்லாமல் இருக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பில், சீக்கிரமாக நொதிப்பது ஏல். அதில் ஈஸ்ட்டே பழ வாசனையைக் கொண்டுவந்துவிடும்.

ஜப்பானின் பெரிய கம்பெனிகள் நான்கு: அசாஹி, கிரின், சாப்போரோ, சன்டோரி. ஒகினாவா தீவில் ஓரியன் என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. இவர்கள் விற்பதில் பெரும்பகுதி வெளிர்நிற லாகர். 1987இல் அசாஹி கொண்டுவந்த சூப்பர் டிரை, ‘குடித்த பிறகு வாயில் எதுவும் தங்கக் கூடாது’ என்ற ருசியை நாடு முழுக்கப் பழக்கிவிட்டது. இசகாயாவில், அதாவது சாப்பாடும் மதுவும் சேர்ந்து கிடைக்கும் கடையில், உட்கார்ந்தவுடன் ‘தோரியாயெஸு பீரு’ என்று ஒரு குரல் கேட்கும். இப்போதைக்கு பீர் கொண்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பது பொருள். எந்த பீர் என்று கேட்பவர் கிடையாது. கடையில் இருப்பதே பெரும்பாலும் ஒன்றுதான்.

கிராஃப்ட் பக்கம் வந்தால் ஏல் வகைகள்தான் அதிகம். பேல் ஏல் மிதமான கசப்பும் பூ, பழ வாசனையும் கொண்டது. அதையே ஹாப்ஸை அள்ளிப் போட்டுச் செய்தால் ஐபிஏ. ஒயிட் ஏலும் வைசெனும் கோதுமை சேர்ந்தவை. கலங்கலாக இருக்கும், கசப்பு குறைவு. ஸ்டவுட் வறுத்த தானியத்தால் கறுத்தது, காபி வாடை வரும். தொடங்குகிறவருக்கு இவ்வளவு போதும்.

கிராஃப்ட் பீர் என்பதற்கு ஜப்பானியச் சட்டத்தில் வரையறை கிடையாது. சிறு தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று தனக்கென ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: 1994க்கு முந்தைய பெருமுதலீட்டுக் கம்பெனிகளைச் சாராதது, ஒரு தடவை காய்ச்சும் அளவு 20,000 லிட்டருக்கு மேல் போகாதது, பழைய முறையிலோ உள்ளூர் விளைபொருளை வைத்தோ செய்வது. ஏன் குறிப்பாக 1994 என்றால், கதையே அங்கேதான் தொடங்குகிறது.

20 லட்சம் லிட்டர்

யோகோஹாமாவில் வில்லியம் கோப்லாண்ட் என்ற நார்வே பூர்விக அமெரிக்கர் 1870 வாக்கில் ஸ்பிரிங் வேலி என்ற பீர் ஆலையைத் தொடங்கினார். பின்னாளில் கிரின் வளர்ந்தது அந்த இடத்திலிருந்துதான். 1876இல் ஹொக்கைடோவில் அரசாங்கமே ஓர் ஆலை கட்டியது. அது இன்றைய சாப்போரோ. அதைத் தொடர்ந்து ஊருக்கு ஊர் சின்ன ஆலைகள் முளைத்தன. 1901இல் பீருக்கு வரி வந்தது. சின்னவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொருவராக மூடினார்கள், பெரியவர்கள் ஒன்றுசேர்ந்து இன்னும் பெரிதானார்கள்.

போருக்குப் பிந்தைய சட்டம் இதற்குப் பூட்டும் போட்டது. பீர் தயாரிக்க உரிமம் வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தது 2,000 கிலோலிட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர் தயாரிக்க வேண்டும். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 5,500 லிட்டர். எந்த ஊரில் எந்தக் குடும்பம் இதைச் செய்ய முடியும்? வீட்டில் சின்ன அளவில் பழகிப் பார்க்கவும் வழியில்லை. உரிமம் இல்லாமல் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதையும் தயாரிப்பது அங்கே குற்றம், இன்றைக்கும் அப்படித்தான். மற்ற நாடுகளில் வீட்டுச் சமையலறையில் பீர் செய்து பழகியவர்கள்தான் பெரும்பாலும் கிராஃப்ட் பீர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானில் அந்தப் பாதையே அடைபட்டிருந்தது.

1994இல் கெடுபிடிகளைத் தளர்த்தும் அலையில் இந்த விதியும் தளர்ந்தது. 2,000 கிலோலிட்டர் ஒரேயடியாக 60 கிலோலிட்டராக இறங்கியது. நாளுக்கு 165 லிட்டர் விற்றால் போதும். அடுத்த வருடமே நீகாட்டாவில் எச்சிகோ பீர் கதவைத் திறந்தது. உள்ளூர் பீர் என்ற பொருளில் ‘ஜிபீரு’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. சில வருடங்களில் ஆலைகளின் எண்ணிக்கை சுமார் 300 ஆனது.

அப்புறம் சரிந்தது. காரணம் யோசிக்க வேண்டிய ஒன்று. ஆலை தொடங்கியவர்களில் பலருக்கு பீர் மேல் ஆசை இல்லை, ஊருக்குச் சுற்றுலாப் பயணி வர வேண்டும் என்ற ஆசைதான். வெந்நீர் ஊற்று விடுதி, பனிச்சறுக்கு மையம், ஊராட்சி நடத்தும் கேளிக்கைப் பூங்கா என்று எல்லா இடத்திலும் ஜெர்மன் இயந்திரங்களை வாங்கிப் போட்டு, ஜெர்மன் பாணியில் பில்ஸ்னர், வைசென், ஆல்ட் என்று மூன்று வகை செய்து, அழகான புட்டியில் அடைத்து, பரிசுப் பொருளாக விற்றார்கள். சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு விலை. சுற்றுலா வந்தவர் ஒரு தடவை வாங்குவார். அவர் ஊர் திரும்பிய பிறகு யார் வாங்குவது? 2000க்குப் பிறகு பல ஆலைகள் மூடின. ஜிபீரு என்றாலே விலை அதிகம், சுவை சுமார் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு கிராஃப்ட் பீர் என்று சொல்லத் தொடங்கியதில் இந்தக் கசப்புக்கும் பங்கு உண்டு.

தப்பிப் பிழைத்தவர்களில் இரண்டு வகை. ஒரு சாரார் பிடிவாதக்காரர்கள். நாகானோ மாநிலத்தின் கருயிசாவாவில் 1990களில் தொடங்கிய யோ-ஹோ ப்ரூவிங் தன் யோனா யோனா ஏலை டப்பாவில் அடைத்து விற்றது. சரிவுக் காலத்தில் இணைய வழியில் நேரடியாக விற்றுத்தான் கரையேறியது. தொடக்கத்தில் சொன்ன பூனை டப்பாவும் அவர்களுடையதே. ‘புதன்கிழமைப் பூனை’ என்று பெயர், ஒயிட் ஏல், கசப்பு பயப்படுத்தாது. முதன்முதலில் குடிக்கப் போகிறவருக்கு நான் கை காட்டுவது அதைத்தான். 2014இல் கிரின் இந்தக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாங்கியது. அதனால் இது இன்னும் கிராஃப்ட்தானா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. குடிக்கும்போது எனக்கு அந்தக் கேள்வி வருவதில்லை.

இன்னொரு சாரார், பரம்பரையாக சாகே தயாரிக்கும் குடும்பங்கள். பயணிக்குச் சுவாரசியம் இவர்களிடம்தான் அதிகம். சாகே என்பது அரிசியிலிருந்து நொதிக்கவைத்து எடுக்கும் மது, குளிர்காலத்து வேலை. கோடையில் ஆலை சும்மா கிடக்கும். நல்ல தண்ணீர் இருக்கிறது, நொதித்தல் கைவந்த கலை, வரி அலுவலகத்தோடு பழக்கமும் இருக்கிறது. 1994இல் கதவு திறந்ததும் இவர்கள் உள்ளே வந்ததில் ஆச்சரியமே இல்லை. இபாரகி மாநிலத்தில் 1823 முதல் சாகே செய்யும் கியுச்சி குடும்பம் 1996இல் தொடங்கியதுதான் ஹிதாச்சினோ நெஸ்ட். லேபிளில் ஆந்தை இருக்கும், இன்று பல நாடுகளில் கிடைக்கிறது.

ஹப்போஷு என்ற குழப்பம்

இப்போது கொன்பினி குளிர்ப்பெட்டிக்கு விடை. ஜப்பானில் பீருக்கு வரி எவ்வளவு என்பது அதில் எவ்வளவு மால்ட் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். நீண்ட காலம் விதி இதுதான்: தண்ணீரையும் ஹாப்ஸையும் கழித்துவிட்டு, மீதிப் பொருட்களில் மூன்றில் இரண்டு பங்காவது மால்ட் இருந்தால் அது பீர். அதற்குக் கீழே இருந்தாலோ, சட்டத்தின் பட்டியலில் இல்லாத பொருள் ஏதாவது சேர்த்தாலோ அது பீர் இல்லை, ‘ஹப்போஷு’. நுரைக்கும் மது என்ற ஒரு பொதுப் பெயர்.

பெரிய கம்பெனிகள் இதைப் பார்த்ததும் கணக்குப் போட்டன. 1994இல் சன்டோரி 65 சதவீத மால்ட்டோடு ஒரு பானத்தைக் கொண்டுவந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. வரி குறைந்தது, விலை குறைந்தது, விற்பனை பறந்தது. அரசு அந்த ஓட்டையை அடைத்து வரியை ஏற்றியது. கம்பெனிகள் மால்ட்டை 25 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோயின. அரசு மறுபடி ஏற்றியது. கடைசியில் சாப்போரோ மால்ட்டே போடாமல் பட்டாணிப் புரதத்தை வைத்து பீர் ருசியில் ஒன்றைத் தயாரித்து 2004இல் நாடு முழுக்க விற்றது. இப்படிப்பட்டவற்றுக்கு ‘மூன்றாவது பீர்’ என்று ஊர் பெயர் வைத்தது. ஒரு நாட்டின் சிறந்த உணவு விஞ்ஞானிகள் பல வருடம் மூளையைச் செலவழித்தது, பீரிலிருந்து பீரை எடுத்துவிட்டு பீர் மாதிரி எப்படிச் செய்வது என்பதற்கு.

சரி, சின்ன ஆலைகளுக்கு இதில் என்ன வேலை? அவர்களும் லேபிளில் ஹப்போஷு என்று போடுகிறார்கள், ஆனால் முற்றிலும் வேறு காரணங்களுக்காக. பெல்ஜிய பாணி ஒயிட் ஏலுக்கு மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பது வழக்கம். பழைய விதிப்படி மல்லி விதை பட்டியலில் இல்லை. ஆகவே மால்ட்டை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும், உலகம் முழுக்க பீர் என்று சொல்லும் ஒன்றை அங்கே ஹப்போஷு என்றுதான் எழுத வேண்டியிருந்தது. யூசு எலுமிச்சை சேர்த்தாலும் அதே கதை. வரியிலாவது சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை. மால்ட் பாதிக்கு மேல் இருந்தால் பெயர் ஹப்போஷு, வரி மட்டும் முழு பீர் வரி.

இரண்டாவது காரணம் உரிமம். பீர் உரிமத்துக்கு வருடம் 60,000 லிட்டர் வேண்டும், ஹப்போஷு உரிமத்துக்கு 6,000 லிட்டர் போதும். நாளுக்கு 16, 17 லிட்டர்தான். ஒரு சின்ன உணவகத்தின் பின்கட்டில் தொட்டிகளை வைத்து பீர் செய்ய நினைப்பவருக்கு இந்த இரண்டாவது உரிமம்தான் கட்டுப்படியாகும். அதை வாங்கிவிட்டால் அப்புறம் சுத்தமான பீர் செய்யக் கூடாது! சட்டத்தின் பார்வையில் அது பீர் ஆகிவிடாமல் இருக்க ஏதாவது ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். மூலிகை, பழம், உள்ளூர்க் காய்கறி என்று ஜப்பானின் சின்ன ஆலைகளில் வினோதமான பொருட்கள் புழங்குவதைப் பார்த்து, என்ன கற்பனை வளம் என்று வியக்கத் தோன்றும். கற்பனை இருக்கிறதுதான். கூடவே உரிமக் கட்டாயமும் இருக்கிறது.

2018 ஏப்ரலில் விதி மாறியது. மால்ட் அளவு 50 சதவீதமாக இறங்கியது. மால்ட் எடையில் 5 சதவீதம் வரை பழம், மசாலா, மூலிகை சேர்த்தாலும் பீர் என்று எழுதலாம் என்றானது. அனுமதிப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். தேன், தேயிலை, காபி வரைக்கும் சரி. சோயா விழுதான மிசோவும், கடல்சிப்பியும், கொம்பு கடற்பாசியும், காய்ந்த சூரை மீன் சீவலான கட்சுவோபுஷியும் கூட அதில் இருக்கின்றன. கடல்சிப்பி விளையாட்டுக்கு எழுதியது இல்லை. இவாதே மாநிலத்தில் ஒரு சாகே குடும்பம் நடத்தும் இவாதே குரா ஆலை, அந்தக் கடற்கரைச் சிப்பிகளைப் போட்டு ஸ்டவுட் செய்கிறது. கறுப்பு, உப்புக்கரிப்பின் ஒரு சாயல், அவ்வளவுதான். மீன் வாடை அடிக்கும் என்று பயப்பட வேண்டாம்.

வரியும் படிப்படியாக ஒன்றாகிறது. 350 மில்லிக்கு பீர் வரி ஒரு காலத்தில் 77 யென், 2020 அக்டோபரில் 70, 2023 அக்டோபரில் 63.35. மலிவு ஹப்போஷுவுக்கு 46.99. 2026 அக்டோபர் முதல் எல்லாவற்றுக்கும் ஒரே 54.25 யென் என்பது சட்டத்தில் உள்ள ஏற்பாடு.

ஆக, லேபிளில் ஹப்போஷு என்று இருந்தால் யார் செய்தது என்று பாருங்கள். பெரிய கம்பெனி என்றால் அது சிக்கன பானம். சின்ன ஆலை என்றால், கடையிலேயே சுவாரசியமான டப்பா அதுவாகவும் இருக்கலாம். கைப்பேசி கேமராவில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக் காட்டினால் இந்தச் சொல்லையும், தயாரித்த ஊரையும், சேர்த்த பொருட்களையும் படித்துவிடலாம்.

எந்த ஊருக்குப் போவது

டோக்கியோவை மட்டும் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அதிகம். தப்பில்லை. நாடு முழுக்க உள்ள ஆலைகளின் பீரை ஒரே இடத்தில் ருசிபார்க்க, சுமோ அரங்கம் இருக்கும் ரியோகோகு பகுதியில் போபாய் என்ற பார் இருக்கிறது. 1985இலிருந்து நடக்கும் கடை, எழுபது வாக்கில் குழாய்கள். ஜிபீரு பிறப்பதற்கு முன்பே இருந்தது, அது விழுந்தபோதும் கைவிடாமல் ஊற்றிக் கொடுத்தது. முதல் நாள் அங்கே போய் எந்த ஆலை பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பயணத்தின் மீதியை அந்த ஆலை இருக்கும் ஊரை நோக்கித் திருப்புவது நல்ல யோசனை.

எனக்கு ஒரே ஒரு வெளியூர் என்றால் நாகானோவைத்தான் சொல்வேன். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நாகானோ நகரம், அங்கிருந்து தனியார் ரயிலில் யுடனாகா. வெந்நீர் ஊற்றில் குளிக்கும் குரங்குகளைப் பார்க்கக் கூட்டம் போகும் அதே ஊர்ப் பக்கம். 1805 முதல் சாகே செய்யும் தமாமுரா ஹோன்டென் அங்கேதான் இருக்கிறது. 2004இல் ஷிகா கோகென் என்ற பெயரில் பீர் தொடங்கினார்கள். ஹாப்ஸைத் தாங்களே பயிரிடுகிறார்கள். சாகேவுக்கென்று விளையும் மியாமானிஷிகி அரிசியைப் போட்டு மியாமா பிளாண்ட் என்று ஒரு பீர் செய்கிறார்கள். அரிசி பீரை மலிவாக்கப் போடும் பொருள் என்று நினைப்பவர்கள் இதைக் குடித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த, மெலிந்த உடல்வாகு, மேலே ஹாப்ஸின் கசப்பு. வெந்நீரில் ஊறிவிட்டு வந்து குடிக்கிற பீர் என்றால் இதுதான்.

இசே இன்னொரு மாதிரி ஊர். ஜப்பானின் மிகப் புனிதமான கோவில் இருக்கும் இடம். அங்கே ஆற்றுவழியாகப் படகில் வந்து இறங்கும் யாத்ரீகர்களுக்கு அரிசிப் பலகாரமான மோச்சி விற்க 1575இல் தொடங்கிய ஒரு தேநீர்க் கடை, 1997இல் பீரும் செய்யத் தொடங்கியது. இசே கடோயா என்று பெயர். அந்த ஊர் மரத்திலிருந்து பிரித்தெடுத்த காட்டு ஈஸ்ட்டில் ஹிமே ஒயிட் என்று ஒன்று செய்கிறார்கள். நானூறு வருடக் கடை என்பதற்காக அருங்காட்சியகம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவர்களுடைய ஐபிஏக்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கானவை.

இசு தீபகற்பத்தின் ஷுசென்ஜியில் பெயர்ட் ப்ரூவிங் இருக்கிறது. அமெரிக்கக் கணவரும் ஜப்பானிய மனைவியும் 2000இல் நுமாசு துறைமுகத்தில் சின்னதாகத் தொடங்கி, பின்னர் ஆற்றோரம் பெரிய ஆலையாக மாற்றியது. கியோத்தோவில் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய மூன்று நண்பர்கள் 2015இல் தொடங்கிய கியோத்தோ ப்ரூவிங் பெல்ஜிய ஈஸ்ட்டைக் கொண்டாடுகிறது. ஒசாகாவுக்கு வடக்கே மினோவில் ஒரு மதுக்கடைக்காரர் 1997இல் தொடங்கியதை அவருடைய மகள்கள் நாடறிந்த பெயராக்கினார்கள். அவர்களுடைய ஸ்டவுட்டுக்கு ரசிகர் கூட்டமே உண்டு. ஆலைகளில் குடிக்கும் அறை வாரக்கடைசியில் மட்டும் திறப்பது சகஜம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாப்ஸ் கதை தெரிய வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். இவாதே மாநிலத்தின் டோனோ, ஹாப்ஸுக்குப் பேர்போன ஊர். ஆகஸ்டில் அறுவடைத் திருவிழா நடத்துகிறார்கள். ஹொக்கைடோவின் சொராச்சிப் பகுதி பெயரைத் தாங்கிய ஹாப்ஸ் ஒன்றும் உண்டு, சொராச்சி ஏஸ். சாப்போரோ கம்பெனி உருவாக்கி 1984இல் வெளியிட்டது. எலுமிச்சையும் சதகுப்பைக் கீரையும் கலந்த வாசனை. வாயில் எதுவும் தங்காத லாகர் கேட்ட ஊரில் இதை யார் சீந்துவார்கள்? கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 1990களில் அமெரிக்கா போனது. 2000களில் வாஷிங்டன் மாநிலத்து விவசாயி ஒருவர் அதைப் பயிரிட்டு விற்க, அமெரிக்க, ஐரோப்பியச் சின்ன ஆலைகள் கொத்திக்கொண்டன. வெளியூரில் பெயர் வாங்கிய பிறகு ஊர் திரும்பியது. 2019இல் சாப்போரோவே அதை வைத்து ‘சொராச்சி 1984’ என்று ஒரு பீரைக் கொண்டுவந்தது.

பாரில் உட்கார்ந்த பிறகு

கோப்பை அளவில் ஏமாறாதீர்கள். பைன்ட் என்று போட்டிருந்தால் சில கடையில் அது அமெரிக்க அளவு, 473 மில்லி. சில கடையில் பிரிட்டிஷ் அளவு, 568 மில்லி. அளவு மெனுவில் இருக்கும். சின்னக் கோப்பை 600 முதல் 900 யென், பெரியது 1,000 முதல் 1,500 யென் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ‘நொமிகுராபே’ என்று இருந்தால் மூன்று, நான்கு சின்னக் கோப்பைகளில் வெவ்வேறு பீர் தருவார்கள். தொடங்குகிறவருக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. வெளிர் நிறத்தில் தொடங்கி, ஐபிஏவையும் ஸ்டவுட்டையும் கடைசியில் வையுங்கள். கசப்பான ஒன்றை முதலில் குடித்துவிட்டால் பிறகு வரும் மென்மையான பீர் எல்லாம் தண்ணீராகத் தெரியும். எந்த பீரிலும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 5க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது, எழுந்து நிற்கும்போது தெரியும். தண்ணீர் இலவசம், கேட்டால் தருவார்கள்.

‘நமா பீரு’ என்ற சொல்லை எங்கும் பார்ப்பீர்கள். குழாயில் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அதற்கு, சூடுபடுத்திக் கிருமிநீக்கம் செய்யாத பீர் என்று பொருள். அதனால் டப்பாவிலும் நமா என்று இருக்கும். இசகாயாவில் கேட்காமலே ஒரு கிண்ணம் கொறிக்க வரும். அதற்கு ஓதோஷி என்று பெயர், 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். அது உட்கார்ந்த கட்டணம், சண்டை போட வேண்டாம். கிராஃப்ட் பார்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் இல்லை. டிப்ஸ் எங்குமே கிடையாது.

மது குடிக்கும் வயது 20. பொது இடத்தில் குடிப்பது சட்டப்படி குற்றமில்லை என்றாலும், ஷிபுயா நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் 2024 அக்டோபர் முதல் மாலை 6 மணியிலிருந்து காலை 5 வரை தடை. வண்டி ஓட்டும் விஷயத்தில் ஜப்பான் கறார். ஒரு லிட்டர் மூச்சில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், அதாவது ஒரு கோப்பைக்கே மாட்டலாம். ஓட்டியவர் மட்டுமல்ல, தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவரும், ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவரும் தண்டனைக்குரியவர்கள். சைக்கிளுக்கும் இதே கதைதான். 2024 நவம்பர் முதல் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். விடுதியில் இலவசமாகத் தரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ரயில் இருக்கிறது, கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டி.

ஊருக்குப் பத்து டப்பா வாங்கிப் போக நினைத்தால் லேபிளில் இன்னொரு சொல்லைத் தேடுங்கள்: ‘யோரெய்ஸோ’, குளிரில் வைக்கவும் என்று பொருள். சின்ன ஆலைகளின் பீர் பலவும் சூடுபடுத்தாமல், ஈஸ்ட்டை முழுதாக வடிகட்டாமல் வருவது. ஹாப்ஸ் வாசனை தூக்கலான ஐபிஏ வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அட்டைப்பெட்டி வாடைக்கு வந்துவிடும். அதனால் கடைசி நாள் வாங்குங்கள். புட்டியைவிட டப்பா நல்லது, வெளிச்சம் படாது, உடையாது. கைப்பையில் அனுமதி இல்லை, துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். வாங்கி வருவதென்றால் ஸ்டவுட் மாதிரி ஆல்கஹால் கூடிய கறுப்பு வகைகளை எடுங்கள், அவை கொஞ்சம் பொறுக்கும். ஐபிஏவை அங்கேயே குடித்துவிட்டு வருவதுதான் சரி.